இழுத்துவிட்ட ஸ்பிரிங்

பழுது பார்க்கும் அந்த மனிதரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'காது' என்றே அழைப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்மேல் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஊன்றி, அதன் பிடியைக் காதோடு ஒட்டவைத்துக் கண்களை மூடிக்கொள்வார். எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்தக் கியரின் பல் உடைந்திருக்கிறது என்று சற்று நேரத்தில் சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அவர் சொன்னபடியே இருக்கும். பழைய கார்களுக்கு அவரை விட்டால் ஆளில்லை என்பது அந்தத் தெருவின் முடிவு. அவருடைய முடிவும் அதுவே.

அவருடைய தந்தை விட்டுச்சென்ற பழைய கார் ஒன்று அக்காள் வீட்டில் இருந்தது. "ஓட்டுறதுக்குப் பொண்ணு, பிரிச்சுப் போடுறதுக்குப் பையன்" என்று தந்தை வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அப்படியே ஆயிற்று. அக்காள் பள்ளிச் சீருடைகள் தைப்பவர். தைத்த துணிகளைக் கட்டுக்கட்டாகப் பின்னிருக்கையில் ஏற்றிக் கடை கடையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். வீட்டையும் தையல் எந்திரத்தையும் விட்டு அவர் தனியே வெளியில் இருக்கும் நேரம் அது ஒன்றுதான்.

ஒருநாள் அக்காள் காரைத் தம்பியின் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவந்தார்.

"டேய், இறக்கத்துல ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தாப் போதும், மூணாவது கியர் தானாக் கழண்டு நியூட்ரலுக்கு வந்துடுது."

"விட்டுட்டுப் போக்கா. சாயங்காலம் எடுத்துக்கோ."

கியர் பாக்ஸின் மேல்மூடியைக் கழற்றினார். போட்ட கியர் நகராமல் நிற்பதற்காக, உள்ளே ஓர் எஃகுக் குண்டும் அதை அழுத்திக்கொண்டிருக்கும் ஸ்பிரிங்கும் இருக்கும். மூன்றாவது கியருக்குரிய ஸ்பிரிங் தளர்ந்து குறுகியிருந்தது. அவ்வளவு பழைய காருக்குக் கடையில் ஸ்பிரிங் கிடைக்காது. அளவு கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். அன்று வேறு வண்டிகள் காத்திருந்தன. இரண்டு முனைகளையும் குறடுகளால் பிடித்து இழுத்து நீளமாக்கி, அதையே திரும்பப் பொருத்தினார். இழுத்துவிட்ட ஸ்பிரிங் சில நாள் விறைப்பாக நிற்கும். பிறகு முன்னிலும் தளர்ந்துவிடும். அவருக்கு இது தெரியாததன்று. புதியது செய்யச் சொல்லலாம் என்று நினைத்தார். பிறகு மறந்தார் என்று சொல்வதும் சரியாகாது. ஓடுகிறதே என்று விட்டுவிட்டார்.

அடுத்த மாதம், பள்ளிக்கூடத்துச் சரிவில் கியர் கழன்றது. பிரேக் பிடிப்பதற்குள் கார் வேகமெடுத்துச் சுற்றுச்சுவரில் மோதி நின்றது. அக்காளுக்கு மணிக்கட்டுப் பிசகியது. ஒர்க்ஷாப்பை அடுத்து வெல்டிங் கடை வைத்திருப்பவர்தான் காரை இழுத்து வர உதவினார். அவரும் அன்று மாலை அக்காள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

அக்காள் கணவர் மருந்துக் கடைக்காரர். புட்டியின்மேல் இருப்பதை இரண்டு முறை படிக்காமல் எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டார்.

"போன மாசம் நீதானே மச்சான் பிரிச்சுப் பார்த்தே? அப்புறம் எப்படிக் கழண்டுச்சு?"

"காதுக்கே கேக்காமப் போயிருக்குமோ?" என்று வெல்டர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் தம்பியைத் தைத்தது. "அக்கா எப்பவும் கியர் லிவர் மேலயே கைய வெச்சுக்கிட்டு ஓட்டுது மாமா. அப்படி ஓட்டினா உள்ளே தேயத்தான் செய்யும்" என்றார்.

அப்படிக் கை வைப்பவர்கள் உண்டு. அதனால் கியர் தேய்வதும் உண்டு. ஆனால், அக்காள் அப்படிச் செய்து அவர் பார்த்ததில்லை.

அக்காள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "நானா? வெச்சிருப்பேனோ?" என்றார்.

மருந்துக் கடைக்காரர் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இனிமே நீ ஓட்டவே வேணாம்மா. துணியெல்லாம் வாடகை வண்டியில போகட்டும்."

ஒர்க்ஷாப்பில் காது மீண்டும் மூடியைத் திறந்தார். பற்களில் தேய்மானம் இல்லை. கியரை நகர்த்தும் கவையும் புதிதுபோல் இருந்தது. எஃகுக் குண்டின்மேல் அந்த ஸ்பிரிங் மட்டும் துவண்டு கிடந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பின்பு, ஸ்பிரிங் செய்யும் பட்டறைக்குத் தாமே நடந்துபோய் அளவு கொடுத்தார்.

புதியதைப் பொருத்தி, ஒர்க்ஷாப்பில் இருந்த மாற்றுச் சாவியைக் கொண்டு அதே சரிவில் பலமுறை ஓட்டிப் பார்த்தார். கியர் அசையவில்லை. காரை ஒப்படைத்துவிட்டு, சரியாயிற்று என்று மட்டும் சொல்லலாம். பொய் சொன்னவராக யாரும் அவரை அறியப்போவதில்லை. வழியெல்லாம் அப்படித்தான் எண்ணிக்கொண்டு போனார்.

கைக்கட்டை அவிழ்த்துவிட்டு அக்காள் மறுபடியும் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கணவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"வாடா. நேத்து பஸ்ல வரும்போது டிரைவரோட கையையே பார்த்துக்கிட்டு வந்தேன். கியரைப் போட்டதும் அவரு கைய எடுத்துடறாரு. நான் எடுப்பேனான்னு எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரமாட்டேங்குது. அப்பா எத்தனை தடவை விரல் முட்டியில தட்டிச் சொல்லிக் குடுத்தாரு! அப்பவும் எனக்குப் புத்தி வரலை, பாரு."

தம்பி பழைய ஸ்பிரிங்கை எடுத்துத் தையல் எந்திரத்தின் பலகைமேல் வைத்தார்.

"நீ கைய வெக்கலக்கா. உள்ளே தேய்மானமே இல்ல. இதை நான்தான் இழுத்து மாட்டினேன். நிக்காதுன்னு தெரிஞ்சே மாட்டினேன். மாமா கேட்டதும் பழியத் தூக்கி உன் மேல போட்டுட்டேன்."

தையல் எந்திரம் நின்றது. மருந்துக் கடைக்காரர் ஸ்பிரிங்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மருந்தை மாத்திக் குடுத்துட்டு, நீ சரியா முழுங்கலைன்னு நோயாளியைத் திட்டுற மாதிரி இருக்கு மச்சான்" என்றார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மனைவியின் முன்னால் வைத்தார். "நானும் உன்னை ஒரு வார்த்தை கேக்காம எடுத்துக்கிட்டேன்" என்றார்.

அக்காள் சாவியை உடனே தொடவில்லை. நூலை அறுத்து, ஊசியை உயர்த்தி, துணியை மடித்து வைத்தார். பிறகுதான் பேசினார்.

"அன்னைக்கு வெல்டர் இருந்தாருல்ல?"

"இருந்தாரு."

"எழுந்திரு. வண்டியில உக்காரு."

அக்காளே ஓட்டினார். பள்ளிக்கூடத்துச் சரிவில் மூன்றாவது கியரைப் போட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். கியர் உறுதியாக நின்றது. காதுக்குக் கேட்ட ஓசையில் ஒரு குறையும் இல்லை. ஆனால், அக்காளின் கை திருத்தமாகப் பிடித்திருந்த ஸ்டியரிங்கை விட்டு லிவரை நோக்கிப் போயிற்று, சுட்டதுபோல் உடனே திரும்பிற்று, மறுபடியும் போயிற்று. இத்தனை ஆண்டுகளில் அக்காள் கையில் அவர் கண்டிராத பழக்கம் அது. அதைப் பார்க்க மாட்டாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வெல்டிங் கடை வாசலில் அக்காள் காரை நிறுத்தினார், எஞ்சினையும் நிறுத்தினார். வெல்டர் முகமூடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன காது, வண்டி என்ன சொல்லுது?"

அக்காள் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"வண்டி ஒண்ணும் சொல்லல" என்று அவர் கதவைத் திறந்து இறங்கினார். "நான்தான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."