காது பார்க்க வந்தவர்களின் சுயபுராணம்

காது கேட்கும் மெஷின் விற்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால் முதலில் பழுதாவது நம் தொண்டைதான். கண்டி நகரத்தில் ஒரு மாடிப்படி ஏறி வந்தால் எங்கள் இடம். பதினொரு வருடமாக முன் மேசையில் உட்கார்ந்து பேர், வயது, விலாசம் எழுதுகிறேன். எழுதுவது கால்வாசி, ஆண்களின் சுயபுராணம் கேட்பது முக்கால்வாசி. என்னைப்போல் "ம்" கொட்டியே காலம் தள்ளும் சகோதரிகள் இதைப் படித்தால் ஆறுதலாக இருக்கும். ஆண்கள் ஏன் தங்களைப் பற்றியே பேசுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டதாக நம்பி, ஸ்கூல் வேன் ஓட்டும் என் வீட்டுக்காரரின் பிழைப்பிலேயே கைவைக்கப் போனவள் நான்.

வயதைக் கேட்டேன்

நாவலப்பிட்டியிலிருந்து ஒரு ஐயா வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். "வயசு எத்தனைங்க ஐயா?" என்று கேட்டேன். மண்சரிவு நாளில் கையில் விளக்கோடு ஓடி ரயிலை நிறுத்திய கதையை ஆரம்பித்தார். மறுபடி கேட்டேன். பெரிய அதிகாரி கை கொடுத்த கதை வந்தது. கடைசிவரை வயது வரவில்லை.

பெருமைக்கார மனுஷன் என்று முடிவு கட்டி, அவர் போனதும் பரிசோதனை செய்யும் மிஸ்ஸிடம் முறையிட்டேன். மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர், சிரிக்காமல்தான் எதையும் சொல்வார். "அவர் பெருமை பேசேல்லை. கதைச்சுக்கொண்டிருக்கிற மனுசனிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். கேட்டால்தானே தனக்குக் காது கேக்கேல்லை எண்டு வெளியில தெரியும்?"

காது போன பிறகு

மிஸ் சொன்னதற்கு அடுத்த வாரமே சாட்சி கிடைத்தது. கலஹா பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் மெஷின் பக்கத்தில் நின்றவர், மனைவியோடு வந்தார். கதிரையில் உட்கார்ந்தது முதல் எந்த மெஷின் எந்தச் சத்தத்தில் பழுதாகும் என்று வாயாலேயே ஓட்டிக் காட்டினார். கண்ணாடி அறைக்குள் பரிசோதித்தால் இரண்டு காதும் பாதிக்குமேல் போயிருந்தது.

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இத்தனை வருடம் எத்தனை பேரைத் தற்பெருமைக்காரன் என்று உள்ளுக்குள் திட்டியிருப்பேன்! அந்த அம்மாவோ சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "கல்யாணமான புதுசுல இவரு வாயே தெறக்க மாட்டாரு மிஸ். காது போன பொறகுதான் வாய் வந்துச்சு."

ஜவுளிக்கடைக்காரர்

புதிதாகப் படித்த வைத்தியன் கண்ணுக்கு எல்லாரும் நோயாளிதான். ஜவுளிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் வந்து நின்றதுமே தன் கடை, தன் சரக்கு, கொழும்பில் தனக்கிருக்கும் மரியாதை என்று ஆரம்பித்தார். நான் அவர் காதுப் பக்கம் குனிந்து, படி இறங்கிப் போகிறவர்களும் திரும்பிப் பார்க்கும்படி, "உட்...கா...ருங்க!" என்று கத்தினேன்.

அவர் ஒரு அடி பின்னால் போனார். "தங்கச்சி, எனக்குக் காது நல்லாக் கேக்குது. வாப்பாவக் கூட்டி வந்தேன், அவரு கீழ வாகனத்துல இரிக்காரு. நான் யாவாரி, வாய மூடினா கடையையும் மூடணும்."

மரியதாஸ் சார்

மனைவியை இழந்த, ஓய்வுபெற்ற கிளார்க். மெஷின் வாங்கிப்போன பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, தன் பென்ஷன், தன் வீடு, தான் வளர்க்கும் ரோஜா என்று சொல்வார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பார். காது பிரச்சினை இல்லை, அதற்குத்தான் மெஷின் இருக்கிறதே. என் புத்தி வேறு பக்கம் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, தாலிக்கொடியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்டிப்பாகவே கேட்டேன், என்ன விஷயமாக வருகிறீர்கள் என்று.

மனுஷன் கூசிப்போனார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. "வீட்டுல பேச்சுக் குடுக்க ஆளில்ல மகள். நா ஏதாவது சொன்னாத்தானே நீங்க பதில் சொல்லுவீங்க? மெஷின் வேல செய்யுதான்னு அப்பதானே எனக்குத் தெரியும்?"

எங்கள் வீட்டு நோயாளி

இவ்வளவு சூடுபட்டும் புத்தி வரவில்லை. மஹய்யாவையில் எங்கள் வீட்டில், பொழுதுபட்டதும் பிளேன்டீ குடித்துக்கொண்டே அன்றைக்கு வந்தவர்களின் கதையை வீட்டுக்காரர் செல்வத்துக்குச் சொல்வது என் வழக்கம். செல்வம் கேட்டுச் சிரிப்பார். அதிகம் பேசாத ஆள். ஆனால் சில மாதமாக நான் பாதி சொல்லும்போதே குறுக்கே விழுந்து தன் கதையை ஆரம்பித்தார். அதுவும் ஒரே கதை: ஹந்தானைச் சரிவில் பிரேக் பிடிக்காத வேனை மண்மேட்டில் உரசி நிறுத்தியது. நான் சொல்வது காதில் விழாததால்தான் இப்படிப் பேசுகிறார் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பின்னால் வரும் ஹார்ன் கேட்காதவரை நம்பி யார் பிள்ளையை அனுப்புவார்கள்? வேன் போனால் எங்கள் அடுப்பில் பாதி அணைந்துவிடும். அதற்காகப் பேசாமல் இருந்து, நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால்?

எங்கள் இடத்துக்கு நோயாளியை இழுத்து வரும் சொந்தக்காரரைப் போல மல்லுக்கட்டி ஒரு சனிக்கிழமை அவரைக் கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் இருந்தபடி, ஊசி விழும் அளவு சத்தத்துக்கும் பொத்தானை அமுக்கினார். மிஸ் தாளை என்னிடம் நீட்டி, பள்ளிக்கூடப் பிள்ளையின் காது என்றார். எனக்கு நிம்மதியில் அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. "பின்ன எதுக்குங்க நான் பேசுறப்ப எல்லாம் அதே கதையச் சொல்றீங்க?" என்று படியில் வைத்தே கேட்டேன்.

அவர் இரண்டு படி இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அன்னைக்கு வேனுக்குள்ள பதினாலு பிள்ளைங்க. வேன் நின்ன பொறகும் எனக்குக் கால் நடுக்கம் நிக்கல. இன்னைக்கும் அந்தச் சரிவுல எறங்குறப்ப நடுங்குது. ஊர்ல உள்ளவன் கதையெல்லாம் வந்து சொல்றியே, ஒரு நாளு என் காதப் பாக்காம என் மூஞ்சியப் பாத்து இதக் கேளேன்."

ஆண்கள் ஏன் தங்களைப் பற்றியே பேசுகிறார்கள் என்று என்னிடம் யாராவது கேட்டால் தெரியாது என்றுதான் இப்போது சொல்கிறேன், ஆனால் ஹந்தானைச் சரிவில் பதினான்கு பிள்ளைகளோடு ஒரு வேன் எப்படி நின்றது என்று கேட்டால் ஒரு வளைவு விடாமல் சொல்வேன்.