ஏலக் குரலில் ஒரு மன்றாட்டு

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை. வாடைக்காற்று விடைபெற்றிருந்தது, சோழகக்காற்று இன்னும் வந்து சேரவில்லை. பேசாலைக் கடல் அசையாமற் கிடக்க, வெயில் மட்டும் காலை ஏழு மணிக்கே தன் கடமையைத் தொடங்கிவிட்டது.

அன்று மாலை வஸ்தியாம்பிள்ளை தம் வாழ்நாளில் முதன்முறையாக ஒலிவாங்கியின் முன் நின்றார். கடற்கரையில் இருபத்தாறு ஆண்டுகள் மீன் ஏலம் கூறியவருக்கு ஒலிவாங்கி எதற்கு? அவர் ‘ஒருதரம்’ என்றால் படகில் நிற்பவனுக்கும் கேட்கும். கடைசிக் குவியலுக்கு ‘மூன்றுதரம்’ என்றால், வீட்டிலிருக்கும் மனைவி மாக்கிறட் தேநீருக்குத் தண்ணீர் வைப்பார். ஆனால் முந்தைய ஒக்டோபரில் அவருடைய இருதயத்தில் அடைப்பு ஏற்பட்டது. அதை நீக்கிய மருத்துவர், ஓராண்டுக்கு உரத்துக் கூவவே கூடாது என்று கட்டளையிட்டார்.

மாக்கிறட்டின் கருவாட்டு வியாபாரம் இருவருக்கும் போதுமாயிருந்தது. ஆயினும் விடிந்தால் போவதற்கு வஸ்தியாம்பிள்ளைக்கு ஓர் இடமில்லை. ஆகவே அந்தோனியார் சிற்றாலயத்துக்குப் போய், முன்வரிசை வாங்கில் முழந்தாளிட்டு, நாள்தோறும் ஒரே கேள்வியைக் கேட்டார்:

“ஆண்டவரே, குரலையும் பிடுங்கிப்போட்டு என்னை ஏன் மிச்சம் வைச்சிருக்கிறீர்? திருப்பித் தாரும்.”

இதைப் பலமுறை கேட்க நேர்ந்த பங்குச்சுவாமி, “இஞ்ச ஒலிவாங்கி இருக்கு. கத்தத் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை மன்றாட்டுகளை நீங்கள் வாசியுங்கோ,” என்றார்.

மக்கள் தம் வேண்டுதல்களைத் துண்டுகளில் எழுதிப் பெட்டியில் இடுவர். ஒவ்வொரு துண்டும் வாசிக்கப்பட்டதும், ‘எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று சபையார் சொல்லவேண்டும். சபையாருக்கோ அன்று வாய் திறக்க இடமே கிடைக்கவில்லை. நாற்பத்திரண்டு துண்டுகளை வஸ்தியாம்பிள்ளை நான்கே நிமிடங்களில் முடித்தார். பரீட்சை, விசா, படகு இயந்திரம், பிள்ளைப்பேறு எல்லாம் ஒரே கூடையில் விழுந்தன. கடைசித் துண்டை மடித்தவர், தம்மை மறந்து மேசையில் ஓங்கித் தட்டி, “மூண்டுதரம்!” என்றார்.

முன்வாங்குப் பெண்கள் முதல் பங்குச்சுவாமி வரை எல்லாரும் சிரித்தார்கள்.

“இஞ்சாருங்கோ,” என்றார் மாக்கிறட், வீடு திரும்பும் வழியில். “அந்தோனியாரை ஆருக்கு வித்தனீங்கள்?”

“பேசாமல் வா. இனி நான் அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன்.”

மறுநாட்காலை, மூன்று வீடு தள்ளியிருக்கும் றெஜினா படலையில் வந்து நின்றார்.

“அண்ணை, என்ர துண்டை வாசிச்சனீங்களோ?”

“எல்லாத்தையும் வாசிச்சனான்.”

“எனக்குக் கேக்கேல்லை. எழுதின எனக்கே கேக்கேல்லையெண்டால் ஆண்டவருக்கு எப்பிடிக் கேட்டிருக்கும்?”

வஸ்தியாம்பிள்ளை படலையைத் திறந்துவிட்டார். “என்ன பிள்ளை எழுதினனீ?” என்றார்.

“இந்த மனுசன் ஒரு சொல்லெண்டாலும் கதைக்கோணும். வேறென்ன?”

றெஜினாவின் கணவர் சந்தியோகு பாரிசவாதத்தால் இரண்டு ஆண்டுகளாகப் பேச்சிழந்து படுத்திருந்தார். அவசரமாக வாசித்த குற்றத்துக்கு, நேரிற் போய் ஒரு செபத்தைச் சொல்லிவிட்டு வரலாம் என்று வஸ்தியாம்பிள்ளை புறப்பட்டார். கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு, ‘அருள் நிறைந்த மரியே’யைத் தமக்குப் பழகிய வேகத்திலேயே தொடங்கினார். சந்தியோகுவின் இடக்கை எழுந்து அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

வஸ்தியாம்பிள்ளை நிறுத்தினார். “அருள்,” என்று ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். முற்றத்துக் கோழி இரண்டுமுறை உள்ளே வந்து போயிற்று.

“அ… ருள்,” என்றார் சந்தியோகு.

குசினியிலிருந்த றெஜினா அகப்பையும் கையுமாக ஓடிவந்தார். தண்ணீர் என்று கேட்கமுடியாத நாக்கு, சிறுவயதில் மனனம் செய்த செபத்தின் பாதையில் தட்டுத்தடுமாறி நடந்தது. ‘ஆமென்’ வந்துசேர அரைமணி நேரம் எடுத்தது. அந்நேரத்துக்குள் கடற்கரையில் வஸ்தியாம்பிள்ளை இருபது குவியல் மீன் விற்றிருப்பார்!

“நாளைக்கும் வாறீங்களோ, அண்ணை?”

“வாறன்.” யோசிப்பதற்கு முன் வாய் முந்திக்கொண்டது.

ஒவ்வொரு விடியற்காலையும் போனார். பின்னர் மேலும் இரண்டு வீடுகளில் நோயாளிகள் அழைத்தனர். செவ்வாய்க்கிழமைகளிலும் மீண்டும் வாசித்தார். எவ்வளவு நிதானமாக எனில், பஸ்ஸைத் தவறவிட்ட இருவர் பங்குச்சுவாமியிடம் முறையிட்டனர். என்றாலும், குரலைத் திருப்பித் தரும்படி கேட்பதை மட்டும் அவர் விடவில்லை.

அடுத்த ஒக்டோபரில் மருத்துவர், “இனி நீங்கள் கூவலாம்,” என்றார். செய்தி அவருக்கு முன்பே கடற்கரையை அடைந்தது. மறுநாள் விடியும்போது, எருக்கலம்பிட்டி மீன் வியாபாரி நௌபரின் மோட்டார் சைக்கிள் சந்தியோகு வீட்டு வாசலில் நின்றது. உள்ளே செபம் நடப்பதைக் கண்ட நௌபர், தலைக்கவசத்தைக் கழற்றி, கைபேசியின் ஒலியை அடக்கி, இருபது நிமிடம் காத்துநின்றார்.

“வஸ்தியண்ணை, கரை செத்துக் கிடக்குது. இப்ப கூறுறவன்ர குரல் அவன்ர காதுக்கே கேக்காது. ஏறுங்கோ!”

வஸ்தியாம்பிள்ளையின் நெஞ்சு துள்ளியது. ஓராண்டாக மன்றாடிக் கேட்டது வாசலுக்கே வந்து நிற்கிறது. கரையேறும் படகுகளின் இரைச்சல் கேட்டது. ஓர் அடி முன்னே வைத்தார், பிறகு நின்றார்.

“செபத்தைப் பின்னேரம் வைக்கேலாதோ?” என்றார் நௌபர்.

“பின்னேரம் சந்தியோகுவுக்கு நாக்குச் சோர்ந்திடும். விடியத்தான் சொல்லு வரும்.”

“விடியத்தானே மீனும் வரும்! முடிவாச் சொல்லுங்கோ அண்ணை, ஏலத்துக்கு வாறீங்களோ, இல்லையோ?”

“இல்லை, நௌபர். எனக்கு இஞ்ச வேலை இருக்கு.”