தாய்மாமன் மடி

திருமங்கலத்தில் என் பெயிண்ட் கடையில் தண்ணீர் கேனைத் தூக்கக் குனிந்தேன். முதுகில் சடக்கென்றது. கேன் கவிழ்ந்து தண்ணீர் வாசல்வரை ஓடியது. நான் குனிந்தபடியே நின்றேன். பயமாக இல்லை. தையில் தங்கை மகளுக்குக் காதுகுத்து, அவளுக்கு என்னை விட்டால் வேறு தாய்மாமன் கிடையாது, யார் மடியில் உட்கார வைப்பார்கள் என்று மட்டும் தோன்றியது.

மதுரை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்புக் கோர்வையில் ஓர் எலும்பு நசுங்கியிருந்தது. எலும்புப்புரை (எலும்பு உள்ளுக்குள் அடர்த்தி குறைந்து பலமிழப்பது) என்றார் டாக்டர்.

"அது பொம்பளைங்களுக்குத்தான சார் வரும்?"

"ஆம்பளைக்கும் வரும். ஷேவிங் எத்தனை நாளைக்கு ஒருதரம் பண்றீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி செல்வி முந்திக்கொண்டாள். "முன்ன தெனமும் பண்ணுவாரு சார். இப்ப வாரத்துக்கு ஒருக்கா. மத்ததுலயும் அம்புட்டுத்தான்." வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை.

ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) மிகக் குறைவு. மீசைக்கு மட்டுமல்ல, எலும்புக்கும் அதுதான் காவல் என்று அன்றுதான் தெரிந்தது. யூரிக் அமிலமோ (உடம்பில் சேரும் ஒரு கழிவு) அதிகம். அது மிஞ்சினால் மூட்டில் படிகமாகத் தங்கி, நாள்பட எலும்பையே அரிக்குமாம்.

என் கால் பெருவிரல் வீக்கத்தைப் பார்த்து, "இதுக்கு என்ன சாப்பிடுறீங்க?" என்றார்.

"செட்டு மாத்திரை சார்."

டாக்டர் சீட்டில்லாமல் நாலைந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தருவதை எங்கள் பக்கம் செட்டு என்போம். தங்கையின் கணவர் முருகன் டி. கல்லுப்பட்டியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். விரல் வீங்கியது என்றால் போதும், பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். வருஷக்கணக்கில் விழுங்கினேன். அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. அதுதான் ஹார்மோனையும் கீழே தள்ளி, எலும்பையும் கரைத்தது என்றார் டாக்டர். இதைப் படிக்கும் நீங்களும் செட்டு சாப்பிடுகிறவர் என்றால், சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. டாக்டரிடம் சொல்லி, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

முருகன் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் ஓரமாக நின்றார். "மச்சான், நல்லதுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன்."

"தெரியும் மாப்ள. தங்கச்சிகிட்ட எதுவும் சொல்லிக்கிட்டு இருக்காதீக."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

ஹார்மோன் ஊசி, எலும்புக்கு மருந்து, யூரிக் அமிலத்துக்கு மாத்திரை என்று நாட்கள் போயின. பிள்ளையை மடியில் வைக்கலாமா என்று கேட்டேன். "உக்காந்திருங்க, தூக்காதீங்க. பிள்ளை துள்ளுனா முதுகு தாங்காது" என்றார் டாக்டர். காது குத்தும்போது துள்ளாத பிள்ளை எங்கே இருக்கிறது!

தையில், சட்டைக்குள் இடுப்புப் பட்டையோடு கோயிலில் உட்கார்ந்தேன். முருகனே பிள்ளையைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தார். பிறகு என் முதுகோடு ஒட்டி உட்கார்ந்து, எங்கள் இருவரையும் சேர்த்துக் கைகளால் வளைத்துக்கொண்டார்.

"இதுல யாருப்பா மாமன், யாரு அப்பன்?" என்று யாரோ கேலி பேசினார்கள். ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டுத் துள்ளினாள். அந்தத் துள்ளலையெல்லாம் அவர் கைகள் வாங்கிக்கொண்டன. என் பிடரியில் சூடாக ஏதோ சொட்டியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லோரும் பந்திக்குப் போனார்கள். பரிமாற முருகனையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். அழுது ஓய்ந்த பிள்ளை என் மடியிலேயே தூங்கிவிட்டாள். அவளைத் தூக்கி இறக்க என்னால் முடியாது. பிள்ளை இம்புட்டுக் கனமா என்று முதல்முறையாக உடம்புக்குத் தெரிந்தது. அவசரம் ஒன்றுமில்லை. யாராவது வரும்வரை அப்படியே இருந்தேன்.