தப்பாகப் பேச வராத கதாநாயகி

படப்பிடிப்பின் முதல் நாள் காலையிலேயே சிக்கல். கதாநாயகிக்குத் தப்பாகப் பேச வரவில்லை.

அனகா பிளஸ் ஒன் படிக்கிறவள், நன்றாக நடிக்கக்கூடிய பெண். வசனமும் ஒரே வரிதான்: “சாரே, எனிக்கு அவசரமாணு.” அதைத் தயங்கிச் சொன்னாள், வேகமாகச் சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். எப்படிச் சொன்னாலும் ரேடியோவில் செய்தி வாசிப்பது போலச் சுத்தமாக வந்தது. அதுதான் தொல்லை. அந்த வரி ஒரு தமிழ்ப் பெண்ணின் வாயிலிருந்து தவறி விழ வேண்டிய வரி. அனகாவோ வீட்டிலும் மலையாளம் பேசுகிறவள்.

கேமராவுக்குப் பின்னால், தான் எழுதிய ஸ்கிரிப்டோடு என் பக்கத்தில் நின்றிருந்த பிரின்சிக்குப் பொறுக்கவில்லை.

“ஏட்டி, அப்படி இல்லட்டி! ஒனக்கு வயிறு முட்டிக்கிட்டு நிக்கி. நீ என்னமோ மேடையேறி பிரைஸ் வாங்கப் போறவ மாதிரி சொல்லுத!”

“எனக்கு அறிஞ்சூடாடீ, தெரியல. நீயே செஞ்சு காட்டு.”

பிரின்சி செய்து காட்டினாள். ஒரு கால் மேல் இன்னொரு காலைப் போட்டு, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக அந்த வரியைச் சொன்னாள். வகுப்பே கைதட்டியது. அவள் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. ஸ்கிரிப்டை என் கையில் திணித்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

ஏன் போனாள் என்பது புரிய வேண்டுமானால் முதலில் அந்த வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1. ஒரு வார்த்தை, இரண்டு அர்த்தம்

நான் சென்னையில் ஒளிப்பதிவு படித்தவள். மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்தான் சொந்த ஊர். மாட்டுப்பட்டி அணைக்கட்டில் கல்யாண ஜோடிகளைப் படம் பிடிப்பது அன்றாட வேலை. பெண்ணின் ஷால் பறக்க வேண்டும், மாப்பிள்ளை சிரிக்க வேண்டும், பின்னால் ஸ்பீடு போட்டிலிருந்து யாரும் கையாட்டக் கூடாது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தால் அன்றைக்கு டீயோடு பழம்பொரியும் சாப்பிடுவேன்.

பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், பதின்பருவப் பிள்ளைகளின் கூச்சத்தையும் தாழ்வுணர்ச்சியையும் பற்றி ஒரு குறும்படம் எடுத்துத் தரச் சொன்னது. பிள்ளைகளே எழுதி நடிக்க வேண்டும். ஆண்டு விழாவில் திரையிட வேண்டும். எங்கள் பக்கம் அதற்கு வார்ஷிகம் என்று பெயர். எஸ்டேட்டில் பாதிப் பேர் வந்துவிடுவார்கள்.

முதல் கூட்டத்தில், “பூமிக்குள்ள போயிடலாம் போல எப்ப இருந்துச்சு? ஒவ்வொருத்தரும் ஒரு சம்பவம் சொல்லுங்க” என்று கேட்டேன். கடைசி பெஞ்ச் நிதின்தான் சொன்னான்: “அக்கா, நம்ம ‘அவசரம்’ கதைய எடுக்கலாம்க்கா.” எல்லோரும் திரும்பிப் பார்த்தது பிரின்சியை.

கதை இதுதான். பிரின்சியின் அப்பா தேயிலை ஃபாக்டரியில் வேலை, அம்மா கொழுந்து எடுக்கிறவர். பத்தாவது வரை அவள் தமிழ் மீடியம். இந்தப் பள்ளிக்கு வந்த முதல் வாரம், எக்கனாமிக்ஸ் வகுப்பில் பாத்ரூம் போக அனுமதி கேட்க எழுந்தாள். தமிழில் நாம் சொல்கிற ‘அவசரம்’ மலையாளத்துக்கும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்து, “சாரே, எனிக்கு அவசரமாணு” என்றாள். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு, சந்தர்ப்பம். வாத்தியார் விஜயன் மாஷுக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்தினுள்ள அவசரம், மோளே?” என்றார். எதற்கான வாய்ப்பு என்று கேட்டார். எதற்கு இத்தனை அவசரம் என்று கேட்கிறாராக்கும் என நினைத்த பிரின்சி, உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

“பாத்ரூமினு, சாரே.”

தமிழ்ப் பிள்ளைகள் ஒரு காரணத்துக்காகவும் மலையாளப் பிள்ளைகள் வேறொரு காரணத்துக்காகவும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் பெயர் அவசரம்.

கூட்டம் முடிந்து அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். வேண்டாமென்றால் வேறு கதை பார்க்கலாம் என்றேன்.

“எடுங்கக்கா. ஆனா நாந்தான் எழுதுவேன். அவங்க எழுதினா அது அவங்க கதையாப் போயிரும்.”

“நடிக்கிறியா?”

“மாட்டேன். இப்ப கிளாஸ்ல மட்டுந்தான் அந்தப் பேரு. நான் திரையில வந்து நின்னா எஸ்டேட் பூரா கூப்பிடும். எங்கப்பாவ ஃபாக்டரியில ‘அவசரத்தோட அப்பா’ம்பாங்க. கல்யாணப் பத்திரிகையில அடிச்சாலும் அடிப்பாங்க.”

கடைசி வாக்கியத்துக்குச் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

2. என் பட்டியல்

எதையும் பட்டியல் போடாமல் எனக்கு வேலை ஓடாது. இளம் வயதினரைப் பற்றிய குறும்படங்களை உட்கார்ந்து பார்த்து, அவற்றில் தாழ்வுணர்ச்சியை எப்படிக் காட்டுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு போய்ப் பள்ளியின் ஃபிலிம் கிளப் பிள்ளைகளிடம் வாசித்தேன்.

ஒன்று, கண்ணாடி முன்னால் வெகுநேரம் நிற்பது.

“எங்க பாத்ரூம்ல கண்ணாடியே இல்லக்கா.”

இரண்டு, ஹை ஆங்கிள். கேமராவை உயரத்தில் வைத்தால் ஆள் சின்னதாகத் தெரிவாள்.

“அனகா ஏற்கெனவே சின்னதாத்தான் இருக்கா.”

மூன்று, காதுக்குள் ‘ங்’ என்று ஒரு சத்தம், மற்ற ஒலி எல்லாம் அமுங்கிவிடும்.

“ஃபாக்டரி சைரன் வச்சுக்கலாமாக்கா?”

நான்கு, ஷாலோ ஃபோகஸ். முகம் மட்டும் தெளிவாக, சுற்றியிருக்கும் உலகம் மங்கலாக. இதற்கு யாரும் கேலி செய்யவில்லை. எல்லோருக்கும் பிடித்திருந்தது. சினிமா மாதிரி இருக்கும் என்றார்கள். எனக்கும் அதில்தான் நம்பிக்கை. என்னிடம் அதற்கென்றே ஒரு ஐம்பது எம்எம் லென்ஸ் இருக்கிறது. கல்யாண ஜோடிகளுக்குப் பின்னால் நிற்கும் சோளக்கடைகளைக் கரைத்துவிடுகிற லென்ஸ்.

3. பிரின்சி திரும்பி வந்தது

முதல் நாளுக்கு வருகிறேன். ஸ்கிரிப்டைத் திணித்துவிட்டுப் போன பிரின்சி வராந்தாவில் நின்றிருந்தாள். என்ன சொல்லித் திரும்ப அழைப்பது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அனகா பின்னாலேயே போய்விட்டாள்.

“எடீ, நான் சொன்னா அது தப்பாவே வரல. மலையாளிக்கு அந்தத் தப்பு செய்யான் பற்றில்ல, முடியாது. அது நிங்ஙளுடைய தப்பு. நீதான் வரணும்.”

“தப்பு பண்ணுறதுக்குக்கூட என்னைத்தான் கூப்பிடுதியா?”

“வேற ஆளில்லடீ.”

பிறகு பிரின்சியின் சத்தம் கேட்டது. “சரி. ஆனா பாத்துட்டுப் பிடிக்கலைன்னா அழிச்சிரணும். அக்காகிட்டச் சொல்லு.” நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். சரி என்று கத்தினேன்.

ஐம்பது எம்எம்மில் எடுத்தோம். மானிட்டரைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள். பிரின்சியின் கண்ணிமை துடிப்பதுகூடத் தெரிந்தது. பின்னால் வகுப்பு வெறும் நிறங்களாகக் கரைந்திருந்தது. சூப்பர், அடிபொளி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பிரின்சி மட்டும் உதட்டைப் பிதுக்கினாள்.

“அழகா இருக்குக்கா. ஆனா அப்படி இல்ல.”

“எப்படி இல்ல?”

“எனக்கு எதுவும் மங்கலாத் தெரியல. அன்னிக்குத்தான் எல்லாம் ரொம்பத் தெளிவாத் தெரிஞ்சுச்சு. மாஷ் வெரல்ல சாக்பீஸ் பொடி. நிதின் பல்லுல கம்பி. செவத்துக் காலண்டர்ல போன மாசம் கிழிக்காம கெடந்துச்சு. யாரு சிரிச்சா, யாரு வாயப் பொத்திச் சிரிச்சா, யாரு சிரிக்கல, எல்லாம் தெரிஞ்சுச்சு.”

“யாரு சிரிக்கல?”

“அனகா. அவ மட்டும் தலையக் குனிஞ்சு வாட்டர் பாட்டில் மூடியத் திருகிட்டு இருந்தா.”

எல்லோரும் அனகாவைப் பார்த்தார்கள். “அது மூடி டைட்டாயிருந்துடீ” என்றாள் அனகா.

அதற்கு எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஆனால் எனக்குள் ஒன்று இடம் மாறியிருந்தது. நான் பார்த்த படங்களில் எல்லாம் உலகத்தை மங்கலாக்கியது அந்தப் பெண்ணின் கண் இல்லை. அவளை மட்டும் பார்க்க ஆசைப்பட்ட கேமராக்காரரின் கண். கூசி நிற்கிறவளுக்கு ஒவ்வொரு முகமும் ஊசி குத்துவது போலத் துல்லியமாகத் தெரியும். அப்படியானால் இந்தப் படத்துக்கு டீப் ஃபோகஸ்தான் வேண்டும். முன் பெஞ்சிலிருந்து பின்சுவர் வரை எதுவும் மங்கக் கூடாது.

4. மத்தி

டீப் ஃபோகஸுக்கு அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையை, நன்றாகச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் போதாது. அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் சுவர் மாதிரி நின்றது. கொஞ்சம் உள்ளேயும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தது. கேமராவின் ஒளியுணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் முழுக்கப் பொரிப் பொரியாக வரும். என்னிடமிருந்தது இரண்டு எல்இடி பேனல். அந்த வெளிச்சத்தை அறை முழுக்கப் பரப்ப வெள்ளையாகப் பெரிய பலகைகள் வேண்டும்.

விஜயன் மாஷ் முன்வந்தார். படத்தில் அவராகவே நடிக்க ஒத்துக்கொண்டிருந்தவர் அவர். ஸ்கூட்டரில் போய், மீன் வரும் தெர்மாகோல் பெட்டிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். “நல்லா கழுகியதாணு, கேட்டோ!” என்றார். கழுவியிருந்தார்தான். ஆனால் பேனலின் சூடு பட்டதும் வகுப்பறை முழுக்க மத்தி மீன் மணத்தது.

மாஷிடம் இன்னொரு சிக்கல். வகுப்பில் இயல்பாகப் பேசுகிற மனிதர், ஆக்‌ஷன் என்ற சொல் காதில் விழுந்ததும் நாடக ராஜாவாகிவிடுவார். நெஞ்சில் கை வைத்து, “எந்தினுள்ள... அவசரம்... மோளே...” என்று மலைமுகட்டைப் பார்ப்பார். பிள்ளைகளும் அப்படித்தான். சிரியுங்கள் என்றால் ஹா ஹா என்று எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். அதனால் இது ரிகர்சல், கேமரா ஓடவில்லை என்று அறிவித்தேன். கேமரா ஓடுவதைக் காட்டிக்கொடுக்கும் மானிட்டரின் சிவப்புப் புள்ளி மேல் ஒரு பொட்டை ஒட்டினேன்.

கேமரா கரும்பலகை ஓரத்தில், பிரின்சியின் கண் உயரத்தில் இருந்தது. ஒரே ஷாட், கட் கிடையாது. வசனம் சொல்லிவிட்டு அவள் வகுப்பைத் திரும்பிப் பார்க்க வேண்டும், தலை குனிந்து வெளியேற வேண்டும். ஸ்கிரிப்ட் அவ்வளவுதான்.

பிரின்சி எழுந்தாள். “சாரே, எனிக்கு அவசரமாணு.”

மாஷ் ஒரு கையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டே, அசல் வகுப்பில் கேட்பது போலவே கேட்டார். “எந்தினுள்ள அவசரம், மோளே?”

“பாத்ரூமினு, சாரே.”

மத்தி மணத்தில் அதுவரை மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தவர்கள் மொத்தமாக வெடித்தார்கள். அசல் சிரிப்பு. பிரின்சி திரும்பினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். நிதினின் பல்லுக் கம்பி வரைக்கும் ஃபோகஸில் இருந்தது. அனகா தலையைக் குனிந்து பாட்டில் மூடியைத் திருகினாள். மூடி திறந்து தண்ணீர் அவள் மடியிலேயே கொட்டியது.

பிரின்சியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. கையால் முகத்தை மூடினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று வ்யூஃபைண்டரில் எனக்கே தெரியவில்லை. கட் சொல்ல வாய் எடுத்து, சொல்லாமல் விட்டேன். கையை எடுத்தபோது அவள் கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நெசமாவே வருதுக்கா!” என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அதுதான் படத்தின் முடிவு.

இசை போடவில்லை. எதையும் அமுக்கவில்லை. எடிட் முடிந்ததும் முதலில் அவளுக்குத்தான் போட்டுக் காட்டினேன். பேசியபடி அழித்துவிடவும் தயாராக இருந்தேன். பார்த்து முடித்து, நகத்தைக் கடித்துக்கொண்டு, “வச்சுக்கோங்க” என்றாள். குரல் அவ்வளவு தைரியமாக இல்லை.

5. வார்ஷிகம்

விழா நாளில் அவள் கதவோரமாக உட்கார்ந்தாள். ஓடிப் போக வசதி என்றாள். அவள் அப்பாவும் அம்மாவும் நடு வரிசையில் இருந்தார்கள்.

படம் ஓடியது. அவசரமாணு என்றதும் தமிழ் வரிசைகள் சிரித்தன. மலையாள வரிசைகள் இதில் என்ன இருக்கிறது என்று பார்த்தன. மாஷ் கேள்வி கேட்டதும் மலையாள வரிசைகள் சிரிக்க, தமிழ் வரிசைகள் விழித்தன. பாத்ரூமினு என்றதும் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது. பிறகு அவள் திரும்பி முகங்களைப் பார்க்கிற இடம் வந்தது. அரங்கு மெல்ல அடங்கியது. திரையில் அவ்வளவு பேர் தெளிவாகச் சிரிக்கிறார்கள், கீழே ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் ஓடுகிற கடைசி நொடியில்தான் மறுபடி சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. நான் பிரின்சியைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்து பிரின்சிபல் நன்றியுரைக்கு வந்தார். விருந்தினரைக் கவனிக்கும் வேலையில் அவர் படம் பார்க்கவில்லை. மலையாள மேடைப்பேச்சில் ‘இந்தத் தருணத்தில்’ என்பதற்கு ஒரு வழக்கமான தொடர் உண்டு. மைக்கைத் தட்டிவிட்டுக் கம்பீரமாகத் தொடங்கினார்.

“ஈ அவசரத்தில்...”

சிரிப்பில் அரங்கம் அதிர்ந்தது. மைக் சரியில்லையோ என்று இன்னும் சத்தமாகச் சொன்னார். “ஈ அவசரத்தில்! ஈ அவசரத்தில் நமக்கெல்லாவர்க்கும்...” நடு வரிசையிலிருந்து ஒரு தமிழம்மாவின் குரல்: “ஐயோ பாவம், அந்த மனுசன விடுங்கய்யா, போயிட்டு வரட்டும்!” பிரின்சியின் அம்மாதான்.

கதவோரத்தில் பிரின்சி எழுந்தாள். எஸ்டேட் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, பிரின்சிபலுக்குப் பணிவாக வழி காட்டினாள்.

மறுநாளே அந்தப் பட்டப்பெயர் பிரின்சியை விட்டு பிரின்சிபலுக்குப் போய்விட்டது. பாதிப் பெயர் ஏற்கெனவே பொருந்தியிருந்ததால் மாற்றுவது சுலபமாக இருந்தது என்று நிதின் சொன்னான்.

இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. கூச்சத்தைக் காட்டும் உத்திகளை நானும் படித்தேன், நீங்களும் படியுங்கள். ஆனால் பையிலிருந்து லென்ஸை எடுப்பதற்கு முன்னால், அந்த இடத்தில் நின்ற ஆளிடம் அப்போது என்னவெல்லாம் தெரிந்தது என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதில்தான் எந்த லென்ஸ் என்பதை முடிவு செய்ய வேண்டும்.