வெட்டி எடுத்த இருமல்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் சுகுமாரன் வயர்மேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவன் வீடும் என் வீடும் ஒரே பலகைச் சுவரின் இரண்டு பக்கம். அதனால் அவன் பாட்டு சிஸ்டம் கட்டிய கதையை என்னைவிடக் கிட்டத்திலிருந்து கேட்டவர் யாருமில்லை. கேட்டுத் தொலைத்தேன் என்றும் சொல்லலாம்.

கணினியில் சேர்த்து வைத்த பாட்டு, பாடுகிறவரே வீட்டுக்கு வந்து பாடுவதுபோல் கேட்க வேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான். அதற்கு மனிதன் பட்ட பாடு! சீட்டுக்கட்டு அளவில் ஒரு கணினிப் பலகை, பாட்டுகளை வைக்க ஹார்ட் டிஸ்க், ஆம்ப்ளிஃபயர் என்று ஒவ்வொன்றாக வரவழைத்து, தானா ராத்தா டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் போய், மழை படாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். ஸ்பீக்கர் பெட்டிகளைப் பிளைவுட் அறுத்துத் தானே செய்தான். மூடுபனி இறங்கினால் எங்கள் வீடுகளில் உப்பே தண்ணீராகிவிடும். சாமான்களில் பூசணம் பிடிக்கக் கூடாதென்று அலமாரிக்குள் சின்ன பல்பு ஒன்றை எப்போதும் எரியவிட்டான்.

அறையில் சத்தம் எதிரொலிக்கிறது என்று வீட்டிலிருந்த கம்பளிகளை எடுத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டியபோதுதான் அவன் மனைவி யோகேஸ்வரி வெடித்தாள்.

“செவுத்துக்கா குளிருது? எனக்குக் குளிருது லா!”

சுவருக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மறுநாளே பிரிஞ்சாங் சந்தையில் அவளுக்குப் புதுக் கம்பளி வாங்கி வந்தான். சுவரில் இருந்ததைக் கழற்றவில்லை.

வாட்ஸ்அப்பில் வரும் பாட்டு அவனுக்கு ஆகவே ஆகாது. “அது தண்ணி ஊத்துன பாலு. நம்ம பொட்டிக்குள்ள வரக்கூடாது” என்பான். கர்வம்தான். ஆனால் அந்தக் கர்வத்துக்கேற்ற வேலை அவன் கையில் இருந்தது. முதன்முதலில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டியபோது, மிருதங்கத்தில் விரல் பட்டு எடுக்கும் ஓசைகூடத் தனியாகக் கேட்டது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அவனிடம் சொல்லவில்லை, தலைகால் புரியாமல் ஆடுவான்.

எங்கள் மாரியம்மன் கோயில் பஜனையில் பாடுகிறவர் நாகரத்தினம் அண்ணன். தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை. அந்தத் தூசி நெஞ்சில் தங்கி, இரண்டு அடி பாடினால் ஓர் இருமல் வரும். ஒரு வெள்ளிக்கிழமை சுகுமாரன் நல்ல மைக் வைத்து அவர் பாட்டைப் பதிவு செய்தான். பிறகு கணினியில் உட்கார்ந்து, இருமல்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தான். சுத்தமான பாட்டை வைத்துக்கொண்டு பழைய பதிவை அழித்தும் விட்டான். குப்பையை யாராவது சேர்த்து வைப்பார்களா?

கொஞ்ச நாளில் அண்ணன் திடீரென்று இறந்துபோனார். கருமாதி வரை லயத்தில் எந்த வீட்டிலும் பாட்டு இல்லை. சுகுமாரனும் சிஸ்டத்தின்மேல் துணி போட்டு மூடினான். கருமாதி முடிந்ததும் அண்ணனின் மனைவி பாஞ்சாலை அக்கா அவன் வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, அவரு பாடுனத புடிச்சு வச்சிருக்கியாமே. ஒருவாட்டி போடேன். அவரு கொரல கேக்கணும்போல இருக்கு.”

சுகுமாரன் என்னையும் கூப்பிட்டான். பாட்டு அவ்வளவு துல்லியமாக வந்தது. எனக்குக் கண் கலங்கியது. அக்காவோ யாரோ பாடுவதைக் கேட்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது அவரு இல்ல. அவரு இருமவே இல்லையே?”

சுகுமாரன் பாட்டை நிறுத்தினான்.

“நான்தான்க்கா வெட்டிட்டேன். நல்லா இருக்கட்டும்னு...”

“சரிப்பா” என்று அக்கா எழுந்து போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அழித்த பதிவை மீட்க என்னென்னவோ செய்து பார்த்தான். கிடைக்கவில்லை. மறுநாள் வேலை விட்டதும் லயத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினான்.

“நாகரத்தினம் அண்ணன் பாடுனது யாருகிட்டயாச்சும் இருக்கா? வாட்ஸ்அப்புல வந்ததுன்னாலும் பரவால்ல லா.”

அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை! கேலி செய்யத்தான் வாயெடுத்தேன், முடியவில்லை. அன்றைக்குத்தான் அவன்மேல் எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது.

கடைசியில் கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டும் தினேஸ்வரனிடம் ஒரு வீடியோ கிடைத்தது. போன திருவிழாவில் கைப்பேசியில் எடுத்தது. குழந்தை அழுகை, கோயில் மணி, யாரோ தட்டைக் கீழே போடும் சத்தம் எல்லாம் அதில் இருந்தன. சுகுமாரன் அதில் ஒன்றையும் தொடவில்லை. அப்படியே சிஸ்டத்தில் ஏற்றிவிட்டு, தானே போய் அக்காவை அழைத்து வந்தான்.

ஸ்பீக்கருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தான். பாட்டு இரைச்சலோடு ஆரம்பித்தது. இரண்டாவது அடி முடிந்தது. நாகரத்தினம் அண்ணன் இருமினார். அந்தச் சின்ன அறையில், எங்களுக்கு மூன்றடி தள்ளி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

“இருங்க, சுடுதண்ணி கொண்டாறேன்” என்று பாஞ்சாலை அக்கா எழுந்து, அடுப்படிப் பக்கம் நடந்துவிட்டார்.

பாதியில் நின்றார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். சுகுமாரன் பாட்டை நிறுத்தவில்லை. யோகேஸ்வரி போய் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் வைத்தாள்.