அதுக்குள்ள நானும் நிக்கிறனோ?

லண்டன் வெம்பிளியில் எங்கள் தமிழ் வாரப் பத்திரிகைக்குப் பிழை திருத்த வந்தவர் அவர். விடியற்காலையில் வங்கியொன்றில் துப்புரவு வேலை, மத்தியானம் எங்களிடம். விரல்களில் புளீச் மணக்கும். காதில் சிவப்புப் பேனை. எதையும் உரத்து வாசித்த பிறகுதான் வெட்டுவார்.

எண்பத்தேழு ஐப்பசி, உலகெங்கும் பங்குச் சந்தைகள் விழுந்த நேரம். பிரிட்டனும் அமெரிக்காவும் கைகோத்துச் சமாளிக்கும் என்று ஓர் அதிகாரி பேசியதை நான் மொழிபெயர்த்திருந்தேன்.

"'இந்த நெருக்கடியில் நாம் ஒன்றாக நிற்கிறோம்'," என்று வாசித்து நிறுத்தினார். "ஆர் தம்பி இந்த நாம்? அதுக்குள்ள நானும் நிக்கிறனோ?"

"இங்கிலிசில 'வீ' எண்டுதான் இருக்கு, அண்ணை."

"அவங்களிட்ட ஒரு சொல்தான். எங்களிட்ட ரெண்டு இருக்கெல்லே? 'நாங்கள்' எண்டு போடும். இண்டைக்கு பாங்கில என்ர வேலையை நிப்பாட்டிப்போட்டாங்கள். பக்கத்து அமெரிக்கன் பாங்கும் இவங்களும் சேர்ந்து, ஒரே ஆளைக்கொண்டு ரெண்டு கட்டடத்தையும் துடைப்பிக்கப் போறாங்களாம். அதுதான் ஒத்துழைப்பு!"

பேனை தாளைக் கிழித்தது. வேலை போனதைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவர் போனதும் மறுபடி 'நாம்' என்றே எழுதி அச்சுக்கு அனுப்பினேன். அதுதான் வாசிக்க அழகாக இருந்தது.

சனிக்கிழமை எங்கள் பத்திரிகையை விற்கும் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். கட்டுக்குள் இருந்த ஒவ்வொரு பிரதியிலும் 'நாம்' சிவப்பில் வெட்டப்பட்டு, மேலே 'நாங்கள்' என்றிருந்தது. அண்ணை பிறகு வேலைக்கு வரவேயில்லை.

அன்று எனக்கு அவர்மேல்தான் ஆத்திரம். இப்போது எவனாவது மேடையேறி 'நாம்' என்று தொடங்கினால், புளீச் மணம் மூக்கில் ஏறுகிறது.