அசெம்பிளித் திரையில் ஒரு எட்டு

கம்பாலாவின் ந்தின்டா பகுதியில், மருத்துவமனைகளுக்கு புரோகிராம் எழுதும் அலுவலகத்தில் நப்போசாவுக்கு நல்ல பெயர். பிழை யாருடையது என்று கேட்டால் விரல் நீட்டத் தயங்கவே மாட்டாள். பிழை தேடும் டீபக்கரில் நிரலுக்குள் வரி வரியாக நடந்து போவாள். மூல நிரல் இல்லாத இடம் வந்து, திரை முழுக்க இயந்திரக் கட்டளைகளாக அசெம்பிளி கொட்டினால் மட்டும் சட்டென்று வெளியேறும் விசையைத் தட்டிவிடுவாள். படிக்கத் தெரியாமல் இல்லை. பொறுமை இல்லை.

நோயாளிகளின் நீளப் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டபோதும் அப்படித்தான் தட்டினாள். "தப்பு கக்வாகிட்ட வாங்கின பகுதியிலதான்" என்று மேலாளர் முகெர்வாவிடம் அடித்துச் சொன்னாள். கக்வா தனியாளாகத் தொழில் நடத்துகிறவர். அந்தப் பகுதியின் மூல நிரல் இருந்த மடிக்கணினி டாக்ஸியில் களவு போய்விட்டது. "பிள்ளையைப் பெத்துட்டு முகத்த மறந்த மனுஷன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தவளும் இவள்தான்.

ஒப்பந்தத்தை முறிக்க அவரை வரச் சொன்ன மதியம், அவர் நேரே இவள் மேசைக்கு வந்தார்.

"வாங்க சாலோங்கோ." இரட்டைப் பிள்ளைகளின் தகப்பனை வேறெப்படி அழைப்பது?

"கையெழுத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ, என் கண்ணு முன்னால என் பகுதிக்குள்ள போய்க் காட்டும்மா, ஞாபோ. இந்த வேலைய நம்பித்தான் ரெண்டு பசங்களும் பள்ளிக்கூடம் போறாங்க."

"உள்ள வெறும் அசெம்பிளிதானே இருக்கு? மிச்சத்தத்தான் நீங்க டாக்ஸிக்காரனுக்குக் குடுத்துட்டீங்களே!"

பக்கத்து மேசைகளில் சிரிப்பு.

"தொலைச்சவன்தான் நான். அதுக்காக மெஷின் பொய் சொல்லுமா?"

வேண்டாவெறுப்பாக டீபக்கரில் அவர் பகுதிக்குள் நுழைந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய புரோகிராம் கொடுத்தனுப்பிய மதிப்புகள் செயலியின் ரெஜிஸ்டர்களில் அப்படியே இருந்தன. பெயருக்கு எவ்வளவு இடம் என்ற மதிப்பு: எட்டு.

அறுபத்துநான்கு அல்லவா இருக்க வேண்டும்! பெயர் வைக்கும் இடத்தின் அளவை அனுப்பாமல், அந்த இடத்தைச் சுட்டும் முகவரியின் அளவான எட்டை அனுப்பியிருக்கிறாள். முதலாண்டு மாணவர்கள் செய்யும் தப்பு. கக்வாவின் நிரல், சொன்ன இடத்தில் சொன்னபடி வெட்டியிருக்கிறது. சோதித்தபோது இவள் தந்தது தன் பெயரைத்தான். ஆங்கிலத்தில் ஏழே எழுத்து, அடங்கிவிட்டது.

இப்போதும் அந்த விசையைத் தட்டினால் திரை மாறிவிடும். விரல் அதன் மேல் போய்க்கூட நின்றது.

திரும்பிப் பார்த்தாள். கக்வா எட்டைப் பார்த்துவிட்டிருந்தார். ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"குடிக்கத் தண்ணி கிடைக்குமா ஞாபோ?" என்றார், வேறொன்றும் நடக்காதது போல.

அந்தக் கருணைதான் அவளைக் கொன்றது. அத்தனை பேர் நடுவில், போட்டிருந்த கால்சட்டையோடேயே, வீட்டுப் பெரியவர்கள் முன் செய்வதுபோல் முழங்காலிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"எந்திரி, எந்திரி! முட்டி போட்டா என் ஒப்பந்தம் திரும்பி வந்துருமா?" அவர் மேலாளர் அறையைக் காட்டினார். "போய் அவருகிட்டச் சொல்லு. அது போதும்."

திரையை மூடாமல் எழுந்தாள். முகெர்வாவின் அறைக் கதவைத் தட்டி, எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள்: "தப்பு அவருது இல்ல ஐயா, செபோ. என்னுது. வந்து பாருங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.